இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு

எனக்கென்று சொந்தமாக ஒரு மேட்ரிக்ஸ் இருந்தது. வீடு கிடையாது, நிலம் கிடையாது, நிரந்தர வேலை கிடையாது. மேட்ரிக்ஸ் மட்டும் இருந்தது. மேல் வரிசையில் இரண்டு, ஒன்று. கீழ் வரிசையில் ஒன்று, இரண்டு. தமிழ்ப் பாடப்புத்தகங்களில் இதை அணி என்று எழுதுவார்கள். அந்தமானில், போர்ட் பிளேரில் நான் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்த கல்லூரியில் வங்காளிப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் மலையாளிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலம் பாதி, தீவு இந்தி மீதி என்றுதான் பாடம் நடக்கும். அங்கே அது மேட்ரிக்ஸ்தான்.

மேட்ரிக்ஸ் என்றால் என்ன என்று என் கணவர் கேட்டபோது நான் சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு யந்திரம். ஒரு பக்கம் ஒரு அம்பை உள்ளே விட்டால் அதைத் திருப்பி, நீட்டி அல்லது சுருக்கி மறுபக்கம் வேறொரு அம்பாக வெளியே தள்ளும். அநேகமாக எல்லா அம்புகளும் திசை மாறித்தான் வெளியே வரும். சில அம்புகள் மட்டும் உள்ளே போன கோட்டிலேயே வெளியே வந்து நிற்கும். நீளம் கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், கோடு மாறியிருக்காது. அந்தப் பிடிவாதக்கார அம்புகளுக்குத்தான் ஐகன் வெக்டர் என்று பெயர். எத்தனை மடங்கு நீண்டதோ அது ஐகன் மதிப்பு. என் கணவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, உங்க அப்பா மாதிரி" என்றார். அன்று அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் நேர்மையாகத்தான் இருந்தேன். ஏதாவது நான்கு எண் சொல்லுங்கள் என்று வகுப்பைக் கேட்டேன். ஏழு, நான்கு, மூன்று, ஒன்பது என்றார்கள். பார்ப்பதற்குச் சாதுவான எண்கள். அப்படியே போர்டில் எழுதினேன். மூலைவிட்டத்தில் இருக்கும் ஏழிலிருந்தும் ஒன்பதிலிருந்தும் லாம்டாவை, அதாவது கண்டுபிடிக்க வேண்டிய ஐகன் மதிப்பை, கழித்து, டிடர்மினன்டைப் பூஜ்யம் என்று வைத்து, வந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தேன். எட்டு கூட்டல் ரூட் பதிமூன்று என்று ஒன்று, எட்டு கழித்தல் ரூட் பதிமூன்று என்று இன்னொன்று. அந்த ரூட் பதிமூன்றை இழுத்துக்கொண்டு வெக்டர் தேடப் போனதில் ஒரு கழித்தல் குறி எங்கோ வழியில் விழுந்துவிட்டது. இரண்டு சமன்பாடுகளையும் தீர்த்தால் பூஜ்யம், பூஜ்யம் என்று விடை வருகிறது. ஐகன் வெக்டர் பூஜ்யமாக இருக்கவே கூடாது. பூஜ்யம் வந்தால் முன்னால் எங்கோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். இதை வகுப்புக்குச் சொல்லவேண்டிய ஆள் நான். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்பீஸால் காதைச் சொறிந்துகொண்டு, போர்டு முழுக்கத் தப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மணி அடித்ததால் பிழைத்தேன்.

அடுத்த வருடமும் நான்கு எண் கேட்டேன். மாணவர்களைப் பாடத்தில் ஈடுபடுத்த வேண்டும் என்று ஏதோ ஒரு பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், அதனால் கேட்டேன். அவர்கள் என்னவோ சொன்னார்கள். "அச்சா, கொஞ்சம் சிம்பிளா எடுத்துக்குவோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு என்று எழுதினேன். என்ன குணமான மேட்ரிக்ஸ் அது. ஐகன் மதிப்பு மூன்றும் ஒன்றும். மூன்றுக்கு உரிய வெக்டர் ஒன்று, ஒன்று. ஒன்றுக்கு உரிய வெக்டர் ஒன்று, கழித்தல் ஒன்று. பின்னம் இல்லை, ரூட் இல்லை, நேரம் மிச்சம். மிச்ச நேரத்தில் வருகைப்பதிவு எடுத்துவிட்டு மழை விட்டதா என்று ஜன்னலில் பார்க்கலாம்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு மேட்ரிக்ஸ் தேவைப்படவில்லை. வருடா வருடம் நான்கு எண் கேட்பேன், வருடா வருடம் அவர்கள் யோசித்துச் சொல்வார்கள், நான் ரொம்ப நல்ல எண்கள் என்று பாராட்டிவிட்டு என்னுடையதை எழுதுவேன். மூன்றாம் வருடத்திலிருந்து சீனியர்கள் சொல்லிக்கொடுத்து அனுப்பினார்களோ என்னவோ, கேட்கும்போதே பின் பெஞ்சில் சிரிப்பு வரத் தொடங்கியது. நான் என் கற்பிக்கும் முறை பிடித்துப்போய்ச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். போர்ட் பிளேரின் டாலிகஞ்சில் நான் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருந்தவன் என் பழைய மாணவன். அவன் கடை வைஃபையின் பாஸ்வேர்டு இரண்டு ஒன்று ஒன்று இரண்டை இரண்டு தடவை எழுதியது. "மேடம் நினைவா" என்றான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் ஏடிஎம் எண் அப்போது என்னவாக இருந்தது என்று சொல்லப்போவதில்லை. இப்போது மாற்றிவிட்டேன்.

சரிபார்க்கும் பழக்கமும் போய்விட்டது. கிடைத்த வெக்டரை மேட்ரிக்ஸால் பெருக்கி, அதே கோட்டில் வருகிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை. விடை தெரிந்த கணக்கை யார் சரிபார்ப்பார்கள்? போர்டில் கடைசி வரியாக, பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளவும் என்று மட்டும் எழுதி அடியில் கோடு போடுவேன். அது வீட்டுப்பாடம்.

இப்போது என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் விவசாயத் துறையில் நிரந்தர ஊழியர், திக்லிபூரில் வேலை. நான் போர்ட் பிளேரில். நடுவில் தீவின் முழு நீளமும் கிடக்கிறது. காட்டுவழியில் போலீஸ் காவலோடு வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்காகக் காத்துக்கிடந்து, வண்டியோடு ஃபெர்ரியில் ஏறி இறங்கி, பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்கினால் ஒருவரை ஒருவர் பார்க்கலாம். கல்யாணம் ஆனதிலிருந்து இப்படித்தான். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து சின்னக் கான்ட்ராக்டராக வந்தவர். என் கணவருடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். எங்கள் இரண்டு பேர் தமிழும் வேறு வேறு. பேசுவது தமிழில், சண்டை மட்டும் இந்தியில். அது இரண்டு பேருக்கும் சொந்த மொழி இல்லை என்பதால் யாருக்கும் அனுகூலம் கிடையாது.

அவருக்கு மாற்றல் கிடைக்க ஒரு வழி இருந்தது. கணவன், மனைவி இரண்டு பேரும் அரசு நிரந்தர ஊழியர்கள் என்றால் ஒரே ஊரில் போடச் சொல்லிக் கேட்கலாம். ஒப்பந்தக்காரியின் கணவர் கேட்க முடியாது. அலுவலகத்தின் பார்வையில் ஒப்பந்த மனைவி மனைவியே இல்லை. நான் நிரந்தரமாக வேண்டும், அவர் போர்ட் பிளேருக்கு வர வேண்டும். எங்கள் வாழ்க்கைத் திட்டம் இந்த ஒரே வரிதான்.

நான் அங்கே போய் இருப்பது என்ற பேச்சே எழுந்ததில்லை. திக்லிபூரில் என்ன இருக்கிறது? நெல், பாக்கு, தென்னை, மழை பெய்தால் அட்டை. லீவுக்குப் போனால் அவருடைய குவார்ட்டர்ஸில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருப்பேன். கரண்ட் எப்போது போகும், நெட்வொர்க் எங்கே வரும், ஏன் எல்லாத் துணியிலும் பூஞ்சை வாசம் என்று விசாரித்துக்கொண்டே இருப்பேன். பின்னறையில் ஒரு சுவரில் நெஞ்சு உயரத்திலிருந்து மேலே கறுப்பாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். இது என்ன அசிங்கம் என்று முதல் தடவை கேட்டேன். "ஓதம்" என்றார். ஓதம் என்றால் சுவரின் அடிப்பக்கத்தில்தானே அடிப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அந்த அறையில் என் பெட்டியை வைத்துவிட்டு, திரும்பும் பஸ்ஸுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கச் சொன்னேன்.

ஒருவழியாகக் கணக்குத் துறையில் நிரந்தரப் பணியிடம் அறிவித்தார்கள். நேர்முகத் தேர்வு, அதோடு ஒரு டெமோ கிளாஸ். நிஜ மாணவர்களை உட்காரவைத்து, தேர்வுக்குழு பின்னால் உட்கார்ந்து பார்க்க, ஒரு பாடம் எடுக்க வேண்டும். என்ன பாடம் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் யோசிக்கவே இல்லை. தேர்வு நடந்தது எங்கள் கல்லூரியிலேயே என்பதால் டெமோவுக்கு உட்காரப்போவதும் என் வகுப்புப் பிள்ளைகள்தான். இத்தனை அதிர்ஷ்டம் ஒரே இடத்தில் குவிந்தால் சந்தேகப்பட வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

தினமும் சாயங்காலம் என் கணவருக்குப் போனில் டெமோ எடுத்தேன். அவர் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, பாக்குக் காயப்போடும் களத்தில் போய் நின்றுகொண்டு கேட்பார். நான் கண்ணுக்குத் தெரியாத வகுப்பைப் பார்த்து, ஏதாவது நான்கு எண் சொல்லுங்கள் என்பேன். அவர் முதல் நாள் பன்னிரண்டு, ஐம்பது என்று ஏதோ சொன்னார். அப்படியெல்லாம் சொல்லக் கூடாது என்று திட்டினேன். ஒரு வாரத்தில் தேறிவிட்டார். கேட்பதற்கு முன்பே இரண்டு, ஒன்று, ஒன்று, இரண்டு என்பார், நான் மூச்சு வாங்குவதற்குள் இரண்டு வெக்டரையும் சொல்லிவிடுவார். பாக்கு மரங்களுக்கு நடுவில் நின்றபடி அவர் அதைச் சொன்னபோது, இந்த வேலை எனக்குத்தான் என்று முடிவே செய்துவிட்டேன். மாற்றல் மனுவை எழுதி வைக்கச் சொன்னேன். தேதி மட்டும் போட வேண்டாம் என்றேன்.

தேர்வன்று நேர்முகம் முதலில் நடந்தது. தீவுகளில் எங்கே போட்டாலும் போவீர்களா என்று கேட்டார்கள். எல்லோரும் போவேன் என்றுதான் சொல்வார்கள், சொல்லிவிட்டு அப்புறம் போர்ட் பிளேருக்கு மாற்றல் வாங்க ஆள் பிடிப்பார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்தி, எங்கே வேண்டுமானாலும் என்றேன். மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்திருந்த எக்ஸ்பர்ட், நரைத்த மீசைக்காரர், அதைக் கேட்டு லேசாகத் தலையாட்டினார்.

பிறகு டெமோ. என் பிள்ளைகள் அன்று தலை சீவி, சட்டையை உள்ளே விட்டு, இதற்கு முன் நான் பார்த்திராத ஒழுங்கில் உட்கார்ந்திருந்தார்கள். முந்தைய நாள் அவர்களிடம் நாளைக்குக் கொஞ்சம் உற்சாகமாக இருங்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எவ்வளவு உற்சாகம் என்று சொல்லவில்லை.

அம்பு, யந்திரம் எல்லாவற்றையும் நன்றாகவே விளக்கினேன். பிறகு இனிமையாகத் திரும்பி, இப்போது நீங்களே ஏதாவது நான்கு எண் சொல்லுங்கள் என்றேன். மொத்த வகுப்பும், பஜனையில் பாடுவது போல, டூ, ஒன், ஒன், டூ என்றது. என் கை போர்டை நோக்கி எழும்பி, பாதியில் நின்றது. எழுதுவதா, வேண்டாமா? எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் முன் பெஞ்சில் இருந்த வங்காளிப் பெண், என் பேரில் உண்மையான பாசம் உள்ளவள், எழுந்து நின்று ஐகன் மதிப்பு மூன்றும் ஒன்றும் என்றாள். பின் பெஞ்சு அவளை விடவில்லை. வெக்டர் ஒன்று ஒன்று, ஒன்று கழித்தல் ஒன்று, பக்கா, என்று கூட்டாகச் சொல்லி மேசையைத் தட்டியது. பாடம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அவ்வளவு நல்ல மாணவர்கள் யாருக்கும் கிடைக்கக் கூடாது.

பின்னால் எக்ஸ்பர்ட் மீசையைத் தடவிக்கொண்டார். எழுந்து நடந்து வந்தார். என் கையிலிருந்த டஸ்டரைக் கேட்டு வாங்கி, கீழ் வரிசையிலிருந்த ஒன்றை மட்டும் அழித்தார். அந்த இடத்தில் பூஜ்யம் எழுதினார். இப்போது மேலே இரண்டு, ஒன்று. கீழே பூஜ்யம், இரண்டு. "இதைச் செய்யுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரே ஒரு எண். என் வீட்டுக்குள் யாரோ புகுந்து ஒரு நாற்காலியை மட்டும் நகர்த்திவைத்த மாதிரி இருந்தது. லாம்டாவைக் கழித்தேன். இரண்டு கழித்தல் லாம்டா, அதன் வர்க்கம், சமம் பூஜ்யம். ஐகன் மதிப்பு இரண்டு, அதுவே இன்னொரு தடவையும் இரண்டு. அதை வைத்து வெக்டரைத் தேடினால் அதன் இரண்டாவது எண்ணான y பூஜ்யம் என்று வந்தது. முதல் எண்ணான x எது வேண்டுமானாலும் இருக்கலாம். ஆக, ஒன்று, பூஜ்யம். ஒரு வெக்டர் கிடைத்துவிட்டது. மூச்சு வந்தது. இனி இரண்டாவது.

இரண்டாவதைக் காணவில்லை. அதே சமன்பாட்டை மறுபடி தீர்த்தேன். மறுபடியும் ஒன்று, பூஜ்யமே வந்தது. என் வாழ்க்கையில் எந்த மேட்ரிக்ஸும் எனக்கு ஒரே வெக்டரைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்ததில்லை. இப்படியும் சில மேட்ரிக்ஸ் உண்டு என்று எம்.எஸ்சி. படிக்கும்போது தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. இரண்டு வர வேண்டும், ஒன்றைக் காணவில்லை, எனவே நான் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று மட்டுமே தோன்றியது. காதை சாக்பீஸால் சொறிந்துகொண்டிருந்ததை அப்புறம் அந்த வங்காளிப் பெண்தான் சொன்னாள்.

முதலாவது ஒன்று, பூஜ்யம் என்றால் இரண்டாவது பூஜ்யம், ஒன்றாக இருக்காதா? பார்க்க ஜோடியாக இருக்கிறதே? எழுதிவிட்டேன். கணக்கில் முதுகலைப் பட்டம் பெற்றவள், நிரந்தர வேலைக்கு வந்தவள், ஜோடியாக இருக்கிறதே என்று ஒரு வெக்டரை எழுதினேன். பிள்ளைகள் விடாமல் மேசையைத் தட்டினார்கள். பழக்கத்தில் அடியில், பெருக்கிச் சரிபார்த்துக்கொள்ளவும் என்றும் எழுதிக் கோடு போட்டேன்.

எக்ஸ்பர்ட், சரிபாருங்கள் என்றார். வீட்டுப்பாடம் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

பெருக்கினேன். பூஜ்யம், ஒன்று என்ற அம்பை அந்த யந்திரத்துக்குள் விட்டால் ஒன்று, இரண்டு என்று வெளியே வந்தது. வேறு கோடு, சாய்ந்த கோடு. சத்தமெல்லாம் அடங்கியது. திக்லிபூரில் தேதி போடாமல் ஒரு மனு இருப்பது நினைவுக்கு வந்தது. ஒன்று, ஒன்றை விட்டுப் பார்த்தேன். மூன்று, இரண்டு. அதுவும் இல்லை. ஒன்று, கழித்தல் ஒன்று. ஒன்று, கழித்தல் இரண்டு. அதுவும் இல்லை. என் பழைய நண்பர்கள் யாரும் தேறவில்லை. அப்போதுதான், எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, சமன்பாடு என்ன சொல்கிறது என்று வாசித்தேன். y பூஜ்யம். அவ்வளவுதான் சொல்கிறது. முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

பூஜ்யம், ஒன்றின் மேல் ஒரு கோடு இழுத்து அடித்தேன். வகுப்பைப் பார்த்துத் திரும்பி, இரண்டாவது வெக்டர் இல்லை, நான் எழுதியது தப்பு, இதற்கு ஒரே ஒரு கோடுதான் உண்டு, அது முதலிலேயே கிடைத்துவிட்டது, இல்லாததைத் தேடிக்கொண்டிருந்தேன் என்று இந்தியில் சொன்னேன். மணி அடித்தது. இந்தத் தடவை மணி யாரையும் காப்பாற்றவில்லை.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. சாத்தம் படகுத்துறைக்குப் போய், பம்பூஃப்ளாட்டுக்குப் போகும் படகில் ஏறினேன். அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை, இறங்கி அடுத்த படகிலேயே திரும்பினேன். வழியில் அவருக்குப் போன் செய்தேன். எல்லாம் நாசமாகிவிட்டது என்றேன். இரண்டு ஒன்று ஒன்று இரண்டு எழுதவில்லையா என்று கேட்டார். எழுதினேன், ஒருத்தர் வந்து ஒரு எண்ணை மாற்றிவிட்டார் என்றேன். ஒரே ஒரு வெக்டர்தான் இருந்தது, இல்லாத இரண்டாவதை எழுதிவிட்டேன் என்றேன். மனுவைக் கிழித்துவிடுங்கள் என்றேன். அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

சில மாதங்கள் கழித்து நியமன உத்தரவு வந்தது. என் திறமை என்று யாரும் அவசரப்பட வேண்டாம். பட்டியலில் முதலில் இருந்தவர் வேறொருவர். போஸ்டிங் எங்கே என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெயின்லேண்டுக்கே போய்விட்டார். எங்கே வேண்டுமானாலும் போகிறேன் என்று மீசைக்காரர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திய அடுத்த ஆளுக்கு அது வந்தது. வடக்கே புதிதாகத் தொடங்கியிருக்கும் கல்லூரி. திக்லிபூர்.

உத்தரவைப் படித்ததும் எனக்கு வந்தது கோபம். நிஜமாகவே கோபம். உடனே அவரைக் கூப்பிட்டேன். பேருக்குச் சேர்ந்துவிட்டு, கணவன் மனைவி என்று காட்டி இரண்டு பேரும் போர்ட் பிளேருக்கு மாற்றல் கேட்கலாம், யாரைப் பிடிக்க வேண்டும் என்று விசாரிக்கிறேன் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன்.

"இருக்கேன்" என்றார். பிறகு, "நீ என்னா சொல்றியோ அப்பிடியே செய்வோம்" என்றார்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் இத்தனை வருடம் கேட்டது ஒரே ஊரில் இருப்பது. அது என் கையில் தாளாக இருந்தது. நான் அதை வைத்துக்கொண்டு வேறொன்றைத் தேடக் கிளம்பியிருந்தேன். போர்டின் முன்னால் நின்ற அதே முட்டாள்தான். உட்கார்ந்து வெட்கப்பட்டேன். பிறகு மொபைல் கடைப் பையனிடம் போய் அட்டைப்பெட்டிகள் இருக்கிறதா என்று கேட்டேன்.

திக்லிபூர் பஸ்ஸிலிருந்து நான் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. அவர் ஒரு ஆட்டோவைப் பிடித்து வைத்துக்கொண்டு நின்றார். பெட்டிகளைப் பின்னறையில் அடுக்கினோம். எப்போதும் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விடுவேன். இந்தத் தடவை புத்தகங்களை எடுத்துவைக்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம் ஒரு மேசை கிடந்தது. புத்தகங்களை அதில் வைக்கும்போது அந்தக் கறுப்புச் சுவரில் கை பட்டது. சொரசொரப்பாக இருந்தது. கீழ் விளிம்பில் நீளமாக ஒரு மரச்சட்டம் அடித்திருந்தது. சாக்பீஸும் டஸ்டரும் வைக்கிற சட்டம்.

என் பாதி வாழ்க்கையைக் கரும்பலகையின் முன்னால் கழித்தவள் நான். வந்த ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்து, ஓதம் என்று நம்பி, மேலே வெள்ளை அடிக்கச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முந்தின மாதம் என்றார். வீட்டில் ட்யூஷன் எடுக்க உதவும் என்று நினைத்தாராம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏங்க, ஒரு வார்த்தை, இங்க வந்துடுன்னு நீங்க கேட்டிருக்கலாம்ல?"

அவர் மரச்சட்டத்திலிருந்த தூசியை விரலால் துடைத்தார். "கேட்டு, நீ மாட்டேன்னுட்டா, அப்புறம் இந்தச் செவத்த நான் எப்பிடிப் பாக்குறது?"

இந்தியில் சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, பெட்டியிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து அந்தச் சட்டத்தில் வைத்தேன்.